வீட்டுத்தோட்டப் பாடம்: ரூபாப் – தண்டு அடுப்புக்கு, இலை குழிக்கு

நுவரெலியா சந்தைப் பக்கம் போய் வந்தவர்கள் இந்தத் தண்டைக் கண்டிருப்பீர்கள். ஒரு முழ நீளம் இருக்கும். அடிப்பக்கம் சிவந்து, மேலே போகப் போகப் பச்சையாகும். பார்வைக்குப் பெரிய செலரித் தண்டு மாதிரித் தெரியும். கட்டுக் கட்டாகக் கட்டி லீக்ஸுக்கும் கரட்டுக்கும் பக்கத்தில் வைத்திருப்பார்கள். "இது என்னங்க, கீரையா, காயா?" என்று கேட்டால் "ரூபாப்" என்பார்கள்.

துரை பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இது புதிய செடி அல்ல. ஆனால் லயத்துத் தோட்டங்களில் இதைக் காண்பது குறைவு. ஒரு முறை நட்டால் பல வருஷம் பலன் தரும் செடி இது. ஆகவே இந்த முறை வீட்டுத்தோட்டப் பாடத்துக்கு ரூபாப்பை எடுத்துக்கொண்டோம். நடுவது, பராமரிப்பது, தண்டு எடுப்பது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். அதற்கு முன் நாங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தை எழுத வைத்ததே அந்தப் பிழைதான்.

நாங்கள் சொல்லாமல் விட்டது

சில வருஷங்களுக்கு முன் உயரமான மலையிலுள்ள ஒரு தோட்டத்தில் வீட்டுத்தோட்டக் கூட்டம் வைத்தோம். வந்தவர்களில் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு ரூபாப் கிழங்குத் துண்டு கொடுத்தோம். குழி எவ்வளவு ஆழம், எரு எவ்வளவு, எத்தனை அடி இடைவெளி என்று எல்லாம் விளக்கினோம். "தண்டை மட்டும்தான் சாப்பிட வேண்டும்" என்றும் சொன்னோம். ஆனால் இலை நஞ்சு என்பதை அழுத்திச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக அது போய்விட்டது.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு முன்பே எங்கள் கதவைத் தட்டினார்கள். கிழங்கு வாங்கிப் போன ஒரு வீட்டில் இரவு முழுவதும் மூன்று பேருக்கு வாந்தி, வயிற்றுப் புரட்டல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சேலைன் ஏற்றி, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்த்து, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கடவுள் புண்ணியத்தில் உயிருக்கு ஆபத்தில்லை. "புளிக்குது" என்று துப்பிவிட்டதால் சின்னப்பிள்ளை தப்பித்தது.

நடந்தது இதுதான். புருஷனும் மனைவியும் மலைக்குப் போய்விட்டார்கள். வீட்டிலிருந்த பாட்டி கொல்லைக்குப் போய் அகலமான இலைகளாகப் பார்த்துப் பறித்து, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டி வைத்திருக்கிறார். வார்ட்டில் போய்ப் பார்த்தபோது அவர் சொன்ன வார்த்தை எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. "எலை பெருசா, பச்சையா கெடந்துச்சுங்க. பீட்ரூட் எலையைச் சுண்டுறோமே, அந்த மாதிரின்னு நெனச்சேன். கூட்டத்துக்கு வந்தது மகன். எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே."

பாட்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, பூசணி இலை என்று எதையும் வீணாக்காமல் கறியாக்குவது நம்முடைய பழக்கம். அது நல்ல பழக்கந்தான். ரூபாப்புக்கு மட்டும் அது பொருந்தாது. நடுகிறவருக்குச் சொன்ன நாங்கள், சமைக்கிறவருக்குச் சொல்லவில்லை. அந்தக் குறையைத்தான் இன்று தீர்க்கப் பார்க்கிறோம்.

செடியைப் பற்றி

ரூபாப்பின் பூர்வீகம் ஆசியாவின் வடக்கே, சீனா, சைபீரியா பக்கத்துக் குளிர் தேசங்கள். ஆதியில் இதன் கிழங்கைத்தான் மருந்துக்கு எடுத்தார்கள். நம்முடைய நாட்டு வைத்தியத்தில் பேதி மருந்தாகச் சொல்லப்படும் ரேவல்சின்னி இதே இனத்துச் செடியின் கிழங்குதான். சீனி மலிவான பிறகுதான் இங்கிலாந்து மக்கள் தண்டைச் சீனியோடு வேகவைத்துச் சாப்பிடப் பழகினார்கள். நுவரெலியாவில் 1848ஆம் ஆண்டு சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் விவசாயக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். அந்தக் காலம் முதல் மலைநாட்டின் குளிரை நம்பி இங்கிலாந்து மரக்கறிகள் பல இங்கே காலூன்றின.

சாப்பிடும்போது இதைப் பழம் மாதிரி இனிப்புக்குச் சேர்க்கிறார்கள். ஆனால் உண்மையில் இது இலைக்காம்பு. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் சுங்கவரி வழக்கு ஒன்றில், "பழம் போலத்தான் பாவிக்கிறார்கள், ஆகவே பழம்" என்று நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது! நமக்கு அந்த வழக்கு வேண்டாம். காம்பு உணவு, இலை நஞ்சு என்று ஞாபகம் வைத்தால் போதும்.

எந்த இடத்தில் வளரும்?

ரூபாப்புக்குக் குளிர் வேண்டும். வெப்பம் 24 பாகை செல்சியஸுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தால் தண்டு மெலிந்துவிடும். ஆகவே நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயா, இராகலை, பட்டிப்பொல போன்ற உயரமான பகுதிகளில் உள்ளவர்கள் தைரியமாக நடலாம். நுவரெலியா நகரம் ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. சராசரி வெப்பமும் 16 பாகை அளவுதான். ஐயாயிரம் அடிக்குக் கீழே உள்ளவர்கள் ஒரு செடி வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கூட்டலாம். இரத்தினபுரி, கேகாலை போன்ற பள்ளத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் இதில் காசையும் உழைப்பையும் போட வேண்டாம்.

காலை வெயில் படும் இடமாகப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் இடம் ஆகவே ஆகாது. பீலிக்குப் பக்கத்திலும், லயத்துக் கானுக்குக் கீழேயும் நட்டால் கிழங்கு அழுகிப் போகும். புல்லுக்கு மருந்தடிக்கும் தேயிலை ஓரத்தையும் தவிர்க்க வேண்டும். காற்றில் பறந்து வரும் மருந்து செடியிலும் படும், நம் சாப்பாட்டிலும் சேரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ரூபாப் பல வருஷம் ஒரே இடத்தில் நிற்கிற செடி. அந்தத் துண்டு நிலத்தில் தொடர்ந்து பயிர் செய்யலாமா என்று தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

நடும் முறை

ரூபாப் விதையிலிருந்தும் முளைக்கும். ஆனால் தாய்ச்செடி மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது. நன்றாகக் காய்த்த வயது போன செடியைத் தோண்டி, கிழங்கைப் பிரித்து நடுவதே சரியான வழி.

1. கிழங்குத் துண்டு: ஒவ்வொரு துண்டிலும் ஒரு தடித்த முளையாவது இருக்க வேண்டும். முளையோடு வேரும் இருக்க வேண்டும். வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பல் பூசி, ஒரு நாள் நிழலில் காய விடுங்கள்.

2. குழி: இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். இலை பெரிதாக விரியும் என்பதால் நெருக்கி நட்டால் காற்றோட்டம் இருக்காது.

3. மண்: தேயிலை மண் புளிப்புத் தன்மை உள்ளது. ரூபாப் கொஞ்சம் புளிப்பைத் தாங்கும். ஆனால் மிகவும் புளித்த மண்ணில் தேறாது. நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே குழி மண்ணில் இரண்டு கைப்பிடி டொலமைட் கலந்து வையுங்கள். நடும்போது மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு இரண்டு வாளி சேருங்கள். பச்சைச் சாணி போட்டால் வேர் வெந்து போகும்.

4. ஆழம்: முளை மண்ணுக்குள் ஒரு அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. மழை அதிகமான இடங்களில் அரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டி, முளை மண் மட்டத்தில் தெரியும்படி நடுங்கள்.

5. காலம்: அடைமழைக் காலத்தில் நட வேண்டாம். பெருமழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கிற நாட்கள்தான் நல்லது. நட்ட பிறகு வெயில் அடித்தால் மாலையில் தண்ணீர் விடுங்கள்.

செடியைச் சுற்றிக் காய்ந்த மானாப்புல் பரப்பினால் ஈரம் காக்கும், களையும் குறையும். முளையின் தலையில் மட்டும் புல்லைக் குவித்து வைக்கக் கூடாது.

முதல் வருஷம் கை வைக்கக் கூடாது

இதுதான் எல்லோருக்கும் கஷ்டமான பாடம். நட்ட நாலைந்து மாதத்தில் தண்டு நன்றாகவே வந்துவிடும். பார்த்தால் கை சும்மா இருக்காது. "ரெண்டு தண்டு எடுத்தா என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு.

கவ்வாத்து வெட்டிய மலையில் உடனே கொழுந்து எடுக்க விடுவார்களா? மாதக்கணக்கில் சும்மா விட்டு, மரம் இலை போட்டுத் தேறிய பிறகுதானே கொழுந்துக்குப் போகிறோம். இதுவும் அப்படித்தான். இலை வெயிலில் சமைக்கும் உணவுதான் கிழங்கில் போய்ச் சேர்கிறது. முதல் வருஷம் இலையைப் பிடுங்கினால் கிழங்கு பட்டினி கிடக்கும். அடுத்த வருஷம் பென்சில் மாதிரித் தண்டுதான் வரும்.

முதல் வருஷம் ஒன்றும் எடுக்கக் கூடாது. இரண்டாம் வருஷம் செடிக்கு மூன்று நாலு தண்டு எடுக்கலாம். மூன்றாம் வருஷத்திலிருந்துதான் முழு அறுவடை. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கிழங்கைத் தோண்டிப் பிரித்து நட்டால் செடி இளமையாகவே இருக்கும். அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு துண்டு கொடுக்கலாம்.

நடுவே தடித்த பூத்தண்டு கிளம்பினால் கண்டவுடன் அடியோடு வெட்டிவிடுங்கள். பூக்க விட்டால் பலமெல்லாம் அதற்கே போய்விடும். இரவில் நத்தை வந்து இளம் இலையைக் கடிக்கும். டோர்ச் அடித்துப் பொறுக்கி எடுப்பதே சிறந்த மருந்து. செடியின் அடி பழுப்பாகிக் குழைந்து நாற்றம் வந்தால் அது அழுகல் நோய். அந்தச் செடியைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிட்டு, அந்தக் குழியில் மறுபடி ரூபாப் நடாதீர்கள்.

தண்டு எடுக்கும் முறை

கத்தி வேண்டாம். கத்தியால் வெட்டினால் மிச்சமாக நிற்கும் கட்டை அழுகி, அழுகல் கிழங்குக்கும் இறங்கும். தண்டின் அடியைக் கையால் பிடித்து, லேசாகத் திருகி, வெளிப்பக்கமாக இழுங்கள். "டக்" என்று கழன்று வரும். வெளியே உள்ள முற்றிய தண்டிலிருந்து தொடங்குங்கள். நடுக்குருத்தைத் தொடாதீர்கள்.

ஒரு செடியில் பாதிக்கு மேல் எப்போதும் எடுக்கக் கூடாது. எட்டு, பத்து வாரம் எடுத்த பிறகு செடிக்கு ஓய்வு வேண்டும். குளிர் நாடுகளில் மாரிகாலத்தில் இலையெல்லாம் வாடி, செடி தானாகவே தூங்கிவிடும். நம் மலைநாட்டில் அந்த அளவு குளிர் கிடையாது, செடி தூங்குவதும் இல்லை. ஆகவே ஓய்வை நாம்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் விட்டு, எரு போட்டு, மறுபடி எடுங்கள்.

தண்டு சிவந்தால்தான் பழுத்தது என்று நினைக்க வேண்டாம். சில ரகம் பச்சையாகவே இருக்கும். நிறத்தைப் பார்க்காமல் நீளத்தைப் பாருங்கள். பத்து அங்குலத்துக்கு மேலே வளர்ந்தால் எடுக்கலாம். ஆனால் தை, மாசியில் உறைபனி விழுந்து கருகித் துவண்ட தண்டுகளைச் சாப்பிட வேண்டாம். அவற்றைக் கழித்துவிடுங்கள். புதிதாக வரும் தண்டு நல்லது.

இலை ஏன் நஞ்சு?

இலையில் ஒக்சாலிக் அமிலம் அதிகம். தண்டிலும் உண்டு, ஆனால் குறைவு. இந்த அமிலம் உடம்பிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து நுண்ணிய கற்களாகி, முக்கியமாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். அவித்தாலும், வதக்கினாலும், அவித்த தண்ணீரைக் கொட்டினாலும், அப்பச்சோடா போட்டாலும் நம்பிச் சாப்பிடக்கூடிய கீரையாக இது மாறாது.

படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியாவில் மரக்கறிக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது ரூபாப் இலையையும் கீரையாகச் சமைக்கலாம் என்று சொல்லப்பட்டது. அதைக் கேட்டுச் சாப்பிட்டவர்கள் நஞ்சேறி நோயில் விழுந்தார்கள், சிலர் உயிரும் போனது. பல தலைமுறையாக ரூபாப் வளர்த்த நாட்டிலேயே இப்படி நடந்திருக்கிறது.

ஆகவே எங்கள் சட்டம் ஒன்றுதான்: இலை வீட்டுப் படி ஏறக் கூடாது. தண்டைப் பிடுங்கிய இடத்திலேயே, கொல்லையில் நின்றபடியே, இலையை வெட்டிப் போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் தண்டு மட்டும் வரட்டும். வெட்டிய இலையைக் கூட்டெருக் குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். மக்கும்போது அந்த அமிலம் சிதைந்துபோகும், எருவுக்குக் கெடுதல் இல்லை. ஆட்டுக்கும், மாட்டுக்கும், முயலுக்கும் இலையைப் போடாதீர்கள். பிள்ளைகள் இலையைப் பறித்துச் சோறாக்கி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பித் தவறி யாராவது இலையைச் சாப்பிட்டால்: வாய், தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுவலி, பேதி வரலாம். சிறுநீர் குறைந்தால், வலிப்பு வந்தால் மிகவும் ஆபத்து. வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். "காலையில பாப்போம்" என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சாப்பிட்ட இலையில் ஒன்றையும் கையில் எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

சமையலுக்கு

தண்டு நல்ல புளிப்பு. ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, பருப்பு வேகும்போது புளிக்குப் பதிலாக நாலு துண்டு போட்டுப் பாருங்கள். மிளகாயும் வெங்காயமும் சேர்த்துச் சட்னியும் வைக்கலாம். அலுமினியச் சட்டியில் மட்டும் சமைக்க வேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரித்துச் சாப்பாட்டில் இறக்கும். மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ பாவியுங்கள்.

ஜேம் செய்ய: வெட்டிய தண்டு 1 கிலோ, சீனி முக்கால் கிலோ, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு. தண்டையும் சீனியையும் கலந்து இரவு முழுவதும் மூடி வைத்தால் தானே சாறு விடும். காலையில் இஞ்சி சேர்த்து, மெல்லிய நெருப்பில், அடிப்பிடிக்காமல் கிண்டுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஓடாமல் நின்றால் பதம். கொதிநீரில் போட்டெடுத்துக் காய வைத்த போத்தலில் சூட்டோடு ஊற்றி மூடுங்கள். பிள்ளைகளுக்கு ரொட்டிக்கும் பாணுக்கும் தொட்டுக்கொள்ள ருசியாக இருக்கும்.

சிறுநீரகத்தில் கல் உள்ளவர்களும் சிறுநீரக நோயாளிகளும் தண்டையும் சாப்பிட வேண்டாம்.

விற்கலாமா?

விற்கலாம். ஹோட்டல்களும் ஜேம் செய்பவர்களும் வாங்குவதுண்டு. ஆனால் லீக்ஸ், கோவா மாதிரி எல்லா வீட்டிலும் வாங்கும் சாமான் இல்லை. யார் வாங்குவார், எவ்வளவு வாங்குவார் என்று கேட்டுக்கொண்டு பிறகு செடியைக் கூட்டுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கான கீரை, போஞ்சி, கிழங்கு போடும் நிலத்தைப் பிடித்து ரூபாப் நட வேண்டாம். மூலையில் நாலு செடி போதும். இலை நீக்கிய தண்டைக் காலையிலேயே எடுத்து ஈரத் துணியில் சுற்றி வைத்தால் வாடாமல் சந்தைக்குப் போய்ச் சேரும். விற்கும்போதும் இலையோடு கொடுக்காதீர்கள். வாங்குபவர் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார்.

லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறவர்கள் செடியை விட்டுப் போக வேண்டியதில்லை. கிழங்கைத் தோண்டி, பிரித்து, ஈரச் சாக்கில் கட்டிக் கொண்டு போய்ப் புது வாசலில் நடலாம். ஒரு வருஷம் பொறுத்தால் மறுபடி தண்டு வரும்.

பாடக் கேள்விகள்

1. ரூபாப்பில் எந்தப் பாகம் உணவு? எந்தப் பாகம் நஞ்சு?
2. முதல் வருஷம் ஏன் தண்டு எடுக்கக் கூடாது?
3. தண்டை வெட்டாமல் திருகி இழுப்பது ஏன்?
4. இலையை எங்கே வெட்ட வேண்டும்? வெட்டியதை என்ன செய்ய வேண்டும்?
5. உங்கள் வீட்டில் சமைப்பது யார்? அவருக்கு இதைச் சொல்லிவிட்டீர்களா?

ஐந்தாவது கேள்விக்குத்தான் எங்களிடம் கூடுதல் மார்க். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இன்று மாலை இந்தப் பக்கத்தைப் பாட்டிக்கும் அம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லுங்கள். எங்கள் பாட்டி இப்போது சுகமாக இருக்கிறார். அந்த ரூபாப் செடியும் அவர் கொல்லையில் இன்னும் நிற்கிறது. யார் வந்து தண்டு கேட்டாலும் கொல்லையிலேயே நிறுத்தி வைத்து, தன் கையாலேயே இலையை வெட்டிக் குழியில் போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். எங்களைவிட அவர்தான் இந்தப் பாடத்தை நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்.